தில்லையில் மலர்ந்த எண்ணியல் மேதை

சிதம்பரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது பொன்னம்பலம். அடுத்துத் தோன்றுவது, இருப்புப்பாதைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் அண்ணாமலை நகர். அங்கே தமிழ் வளர்ந்த வரலாறும் இசை வளர்ந்த வரலாறும் பலராலும் எழுதப்பட்டுள்ளன, மேடைதோறும் பேசப்பட்டுள்ளன. அதே வளாகத்தில், அதே ஆண்டுகளில், கணித உலகம் 165 ஆண்டுகளாக எதிர்நோக்கியிருந்த வினா ஒன்றுக்கு விடை கண்ட ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார் என்னும் செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. அவர்தாம் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ். எஸ். பிள்ளை என அறியும்.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் எண்ணியலுக்கும் உள்ள உறவு பிள்ளை அவர்களுக்கும் முந்தியது. 1910ஆம் ஆண்டில், வேலை தேடி அலைந்த இளைஞர் சீனிவாச இராமானுசன், தம் கணிதக் குறிப்பேட்டைக் கையில் ஏந்தி வந்து நின்ற இடம் அம்மாவட்டத்துத் திருக்கோவலூர். அங்கே துணை ஆட்சியராகப் பணியாற்றியவர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர். எழுத்தர் வேலை கேட்டு வந்தவரின் ஏட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய மேதையைக் கடைநிலை எழுத்தராக்கி வீணாக்குவதா என்றெண்ணி, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அவரை அனுப்பி வைத்தார். முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாகப் போற்றப்படும் ஊரில் நிகழ்ந்த மற்றுமொரு சந்திப்பு அது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தின் தென்கோடியில், இராமானுசன் நடந்த பாதையில் அடுத்த அடி எடுத்து வைக்கப் பிள்ளை வந்து சேர்ந்தார்.

வல்லத்துச் சிறுவன்

பிள்ளை பிறந்தது குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூர். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். குழந்தை ஓராண்டை நிறைவு செய்யும் வேளையில் தாய் மறைந்தார். உறவினரான மூதாட்டி ஒருவரின் அரவணைப்பில் பிள்ளை வளர்ந்தார்.

பள்ளிக் கல்வியின் இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். பெற்றோர் இருவரும் இல்லாத, பொருள் வசதியும் இல்லாத மாணவனின் படிப்பு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அக்காலத்துச் சிற்றூர்களில் எத்தனையோ அறிவாளிப் பிள்ளைகளின் கல்வி அவ்வாறுதான் முடிந்தது. ஆயின் அவருடைய பள்ளியில் சாஸ்திரியார் என அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாணவனின் கணித ஆற்றலை முன்னரே உணர்ந்திருந்த அவர், பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். அந்த ஆசிரியர் கணித உலகில் பெயர் பெற்றவர் அல்லர். எனினும் பிள்ளையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரைக் கடந்து செல்ல இயலாது.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பும், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் இளங்கலைப் படிப்பும் உதவித்தொகையின் துணையால் நிறைவேறின. அங்கிருந்து ஆராய்ச்சி மாணவராகச் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1927ஆம் ஆண்டு அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. வழிகாட்டியாக அமைந்தவர் கே. ஆனந்த ராவ். கேம்பிரிட்சில் இராமானுசன் வாழ்ந்த அதே ஆண்டுகளில் அங்கு பயின்று, பேராசிரியர் ஆர்டியின் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். பிற்காலத்தில் பெயர் பெற்ற தென்னாட்டுக் கணித அறிஞர் பலர் அவருடைய மாணவர்களே. ஆர். வைத்தியநாதசாமியின் துணையும் பிள்ளைக்கு வாய்த்தது. இவ்விருவரின் பயிற்சி அவரை எண்ணியலின் பக்கம் உறுதியாக நிறுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்தில் வழங்கிய முதல் அறிவியல் பேரறிஞர் பட்டத்தைப் பின்னர் அவர் பெற்றார்.

அண்ணாமலை நகரில்

1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, அரசர் அண்ணாமலை செட்டியாரின் கொடையால் 1929இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த நிறுவனத்தில் பிள்ளை விரிவுரையாளரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. பல்கலைக்கழகமும் அவரும் ஒரே ஆண்டில் தம் பணியைத் தொடங்கினர் எனலாம். 1941 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், தில்லையே அவருடைய ஊராயிற்று.

அக்காலத்து அண்ணாமலை நகரின் சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1931 முதல் 1933 வரை விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக அங்கிருந்தார். அறிவியல் பட்டம் பெற்று, பின்னாளில் யாழின் நரம்புகளுக்குக் கணக்குக் கண்டவர் அவர். அவரை அடுத்து நாவலர் சோமசுந்தர பாரதியார் அப்பொறுப்பை ஏற்றார். 1935இல் சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக வந்தார். கணிதத் துறையில் ஏ. நரசிங்க ராவ் தலைமை தாங்கினார். இந்தியக் கணிதக் கழகம் 1933இல் தொடங்கிய மாணவர்க்கான கணித இதழுக்கு ஆசிரியராக அமர்ந்தவர் அவரே. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கொள்ளும் தமிழ் மரபு, ஓரிடத்தில் இரண்டு கண்ணும் திறந்து நின்ற காலம் அது.

பல்கலைக்கழகம் தனக்கென ஓர் ஆய்விதழையும் நடத்தியது. இலண்டன், பெர்லின் இதழ்களோடு ஒப்பிட்டால் அது சிறிய இதழே. உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றுக்கு அது எட்டியிருக்காது. பிள்ளை தம் கட்டுரைகளை அவ்விதழுக்கும் இந்தியக் கணிதக் கழக இதழுக்கும் மனமுவந்து அளித்தார். ஓர் எண்ணுக்கும் அதனினும் சிறிய எண்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ள மிகப் பெரிய பொது வகுத்திகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகை குறித்து அவர் எழுதியது 1933இல் அண்ணாமலை இதழில் வெளிவந்தது. இன்று அத்தொகை அவர் பெயராலேயே பிள்ளைச் சார்பு என்று வழங்கப்படுகிறது.

வெளியுலகோடு அவருக்கிருந்த பாலம் அஞ்சல். வடநாட்டு எண்ணியல் அறிஞர் சர்வதாமன் சௌலாவும் அவரும் தம் ஆய்வுகளைக் கடிதங்கள் வழியே பகிர்ந்துகொண்டனர். இருவர் பெயரும் தாங்கிய கட்டுரை 1930இலேயே இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. தில்லையின் அஞ்சல் நிலையம் வழியே சென்ற கடிதங்களில் எண்களைப் பற்றிய புதிய உண்மைகள் பயணம் செய்தன.

வாரிங் விடுத்த வினா

பிள்ளையின் பெரும்பணியை உணர, வாரிங் என்னும் ஆங்கிலேயர் 1770இல் எழுதிய நூலுக்குச் செல்ல வேண்டும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். பத்தொன்பது நான்காம் படி எண்களின் கூட்டலாக எழுதலாம். மேலும் இவ்வாறே எல்லாப் படிகளுக்கும் அமையும் என்று அவர் கூறினார். கூறினாரேயன்றி மெய்ப்பிக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு நாட்டில் 1, 8, 27, 64 என்னும் கன மதிப்புடைய காசுகள் மட்டுமே வழங்குகின்றன எனக் கொள்க. அங்கே 23 என்னும் தொகையைச் செலுத்த எத்தனை காசு வேண்டும்? 27 பெரிது, பயன்படாது. எட்டுக் காசு இரண்டு கொடுத்தால் 16. எஞ்சிய ஏழுக்கு ஒற்றைக் காசு ஏழு. ஆக ஒன்பது காசுகள். எவ்வளவு பெரிய தொகையாயினும் ஒன்பது காசுக்கு மேல் வேண்டியதில்லை என்பதே வாரிங்கின் கூற்று. கனத்துக்கு மாறாக நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி எனக் காசுகளை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் உச்ச எண்ணிக்கை எவ்வளவு? இதுவே வாரிங்கின் வினா.

நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை அதே 1770இல் லாக்ராஞ்சு நிறுவினார். ஒன்பது கனங்கள் போதும் என்பது நிறுவப்பட 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் செருமானியப் பேரறிஞர் இல்பர்ட், ஒவ்வொரு படிக்கும் அத்தகைய உச்ச எண்ணிக்கை ஒன்று உண்டு என்பதை மெய்ப்பித்தார். உண்டு என்று தெரிந்ததேயன்றி, அது எவ்வளவு என்பது தெரியவில்லை. ஆர்டியும் லிட்டில்வுட்டும் இவ்வினாவைக் கையிலெடுத்தனர். மாஸ்கோவில் வினோகிராதோவ் 1930களின் நடுவில் புதிய கருவி ஒன்றை உருவாக்கினார். சிக்காகோவில் டிக்சன் தம் மாணவர் குழாத்தோடு இதில் ஈடுபட்டிருந்தார்.

தில்லையில் கிடைத்த விடை

இத்தனை பெரும்புள்ளிகள் சூழ்ந்து நின்ற களத்தில், சிதம்பரத்து விரிவுரையாளர் ஒருவர் தனியாக நுழைந்தார்.

உச்ச எண்ணிக்கை குறைந்தது எவ்வளவாக இருக்க வேண்டும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. இரண்டை அந்தப் படிக்கு உயர்த்துக. ஒன்றரையை அதே படிக்கு உயர்த்திப் பின்னத்தை நீக்குக. இரண்டையும் கூட்டி 2ஐக் கழிக்க. கனத்துக்கு 8, 3 ஆகியவற்றின் கூட்டலில் 2 போக 9 என அமைவது காண்க. இதற்குக் குறைந்தால் போதாது என்று காட்டுவது எளிது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று காட்டுவதே அரிது, எண்களுக்கு முடிவில்லையன்றோ!

மிகப் பெரிய எண்களுக்கு இதைவிடக் குறைவான எண்ணிக்கையே போதும் என்பதை வினோகிராதோவின் வழி காட்டியது. சிறிய எண்களை நேரடிக் கணக்கால் வெல்லலாம். இடையில் இருந்ததோ பெரும்பள்ளம். எங்கிருந்து பெரிய எண் தொடங்குகிறது என்று கணித்து, அதுவரையிலான எண்கள் அனைத்தையும் படிப்படியாக ஏறிக் கடந்தால்தான் விடை முழுமை பெறும். கணிப்பொறி இல்லாத காலத்தில், தாளையும் எழுதுகோலையும் கொண்டு பிள்ளை அந்தப் பள்ளத்துக்குப் பாலம் கட்டினார். 1935, 1936 ஆகிய ஆண்டுகளில், உயர்ந்த படிகளுக்கெல்லாம் மேற்சொன்ன வாய்பாடே சரியான விடை என்பதை நிறுவினார். ஒன்றரையின் படியில் எஞ்சும் பின்னத்தைப் பற்றிய சிறு நிபந்தனை ஒன்று மட்டும் உடன் நின்றது. மாஸ்கோவில் வார்த்தெடுத்த கருவி, மிகக் குறுகிய காலத்தில் தில்லையில் பயன் கொண்டதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் டிக்சனும் தனித்து உழைத்து அதே முடிவை அடைந்தார். எவரும் எவரிடமிருந்தும் பெற்றதன்று. ஆயின் டிக்சனின் கட்டுரை உலகெங்கும் செல்லும் அமெரிக்க இதழில் வந்தது. அவரோ முன்னரே பெரும்புகழ் பெற்றவர். ஆகவே வெளிநாட்டு நூல்கள் பலவற்றில் டிக்சனின் பெயரே முன்னின்றது. பிள்ளையின் முடிவு காலத்தால் முந்தியது என்பதை ஆய்வாளர்கள் பொறுமையாக எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. சிற்றிதழில் எழுதுவோர் அனைவரும் அறிந்த துயரம் இது: எழுதியவன் முந்தியிருப்பான், உலகின் காதுக்கு மற்றொருவன் குரல் முதலில் எட்டியிருக்கும்.

பிள்ளை இதனால் சோர்ந்துவிடவில்லை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய படிகள் இன்னும் அடங்காமல் இருந்தன. அவற்றுள் ஆறாம் படியை எடுத்துக்கொண்டார். ஆறாம் படிக் காசுகள் 1, 64, 729 எனச் செல்லும். 703 என்னும் தொகைக்குப் பத்து அறுபத்து நான்குகளும் அறுபத்து மூன்று ஒன்றுகளும் வேண்டும், மொத்தம் 73. எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் வேண்டாம் என்பதை 1940இல் அவர் நிறுவினார். வாரிங் வினாவின் வரலாற்றில் அந்த 73, பிள்ளையின் பெயரோடு மட்டுமே நிற்கிறது.

எஞ்சிய இரண்டும் அவர் காலத்தில் முடியவில்லை. ஐந்தாம் படிக்கு விடை 37 என்பதைச் சீன அறிஞர் சென் 1964இல் காட்டினார். வாரிங் தம் நூலிலேயே குறித்த நான்காம் படியின் 19, எல்லாவற்றுக்கும் கடைசியாக 1986இல் மெய்ப்பிக்கப்பட்டது. அதனைச் செய்த மூவருள் இருவர் பிரெஞ்சு அறிஞர்கள். ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியன். தில்லையில் ஏற்றிய விளக்கு சென்னையில் கைமாறியது போன்றதொரு நிறைவு அது. பிள்ளை விட்டுச்சென்ற அச்சிறு நிபந்தனை 47 கோடியே 16 இலட்சம் வரையிலான படிகளுக்கும் பொருந்துவதைக் கணிப்பொறி கொண்டு 1990இல் சரிபார்த்தனர். ஒரு விலக்குக்கூட அகப்படவில்லை.

எளிய வினாக்கள், ஆழ்ந்த விடைகள்

பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளும் வினாவை எழுப்பி, பேரறிஞரும் தடுமாறும் ஆழத்துக்கு அதனைக் கொண்டுசெல்வது பிள்ளையின் இயல்பு. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்க. அவற்றுள் ஒன்றாவது மற்ற எல்லா எண்களோடும் பொதுக் காரணி இன்றித் தனித்து நிற்குமா? பதினாறு எண்கள் வரை எங்கே எடுத்தாலும் அப்படி ஒன்று உறுதியாக உண்டு என்று அவர் நிறுவினார். பதினேழு எண்களானால் அந்த உறுதி உடைந்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களில் ஒவ்வொன்றுக்கும் உறவு கொண்ட மற்றொன்று இருக்கிறது. தனித்து நிற்பது எதுவுமில்லை. பதினாறுக்கும் பதினேழுக்கும் இடையே இப்படியொரு வேலி இருப்பதை அதற்கு முன் உலகம் அறியாது.

மற்றொன்று, இன்றுவரை எவரும் அவிழ்க்காத முடிச்சு. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கம், கனம் முதலான படி எண்கள் அனைத்தையும் வரிசையாக நிறுத்துக. அடுத்தடுத்தவற்றின் இடைவெளிகள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4 என ஏறியும் இறங்கியும் செல்கின்றன. வரிசை நெடுந்தொலைவு சென்றபின், எந்த ஒரு குறிப்பிட்ட இடைவெளியும் மீண்டும் வாராது. இடைவெளிகள் எல்லையின்றி விரியும் என்பது பிள்ளையின் கருத்து. 1 என்னும் இடைவெளி 8க்கும் 9க்கும் இடையே மட்டுமே வரும் என்பதை, கேட்டலான் என்பவர் 1844இல் எழுப்பிய ஊகமாக உலகம் அறியும். மிகெய்லெசுக்கு என்னும் உருமேனியர் 2002இல்தான் அதனை மெய்ப்பித்தார். 2 முதலான மற்ற இடைவெளிகளுக்குப் பிள்ளை கூறியது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை, பொய்யென்றும் காட்டப்படவில்லை. பகா எண்களுள் ஒரு வகையும் பிள்ளைப் பகா எண்கள் என அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அவற்றுள் முதலாவது 23.

கல்கத்தாவும் இறுதிப் பயணமும்

1941இல் பிள்ளை தில்லையை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் சென்றார். அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கு அழைக்கப்பட்டார். அழைத்தவர் லெவி, இட்லரின் ஆட்சியில் பணியிழந்து இந்தியாவுக்கு வந்த செருமானிய யூதர். போரும், 1943இன் கொடும்பஞ்சமும், 1946இன் கலவரமும் அடுத்தடுத்துத் தாக்கிய நகரில் பிள்ளை தம் ஆய்வை விடாது தொடர்ந்தார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் எழுபதுக்கும் மேற்பட்டவை.

1950இல் அவருடைய உழைப்புக்கு உலகம் கதவு திறந்தது. ஐன்ஸ்டைன் பணியாற்றிய பிரின்ஸ்டன் உயர்நிலை ஆய்வு நிறுவனம், ஓராண்டு வந்து தங்கி ஆய்வு செய்யுமாறு அவரை அழைத்தது. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உலகக் கணித மாநாடும் அதே வேளையில் கூடியது. 1936க்குப் பின், போரினால் பதினான்கு ஆண்டுகள் தடைப்பட்டுக் கூடிய மாநாடு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பாளராக அதில் கலந்துகொள்ளவும் பிள்ளை புறப்பட்டார்.

பம்பாயிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற அவ்விமானம், 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய சிறிது நேரத்தில் இயந்திரத்தில் தீப்பற்றி விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். சண்டிகர் நகருக்குத் திட்டம் வகுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் நொவிட்ஸ்கியும், எகிப்தியத் திரை நடிகை கமீலியாவும் அதே விமானத்தில் உயிரிழந்தனர். பிள்ளைக்கு அப்பொழுது வயது நாற்பத்தொன்பது. மாநாடு தொடங்கி ஒரு நாளே ஆகியிருந்தது. தம் வினாக்களைத் தாமே எடுத்துரைக்க வேண்டிய அரங்குக்கு அவர் போய்ச் சேரவில்லை.

நிலைத்த புகழ்

சில அறிஞர்களின் பணி அவர்களோடு முடிந்துவிடும். சிலர் மறைந்த பின்னரும் பிறருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை இரண்டாம் வகையினர். அவர் பெயர் தாங்கிய சமன்பாட்டை இன்றும் பல நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்கின்றனர். பல இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளை ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பிக்க, இராமானுசன் கணிதக் கழகம் 2010இல் இரு தொகுதிகளாக வெளியிட்டது. மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து, அண்ணாமலை இதழின் பழைய பக்கங்கள் உலகின் நூலகங்களைச் சென்றடைந்தன.

இராமானுசனை உலகறியச் செய்தது கேம்பிரிட்சு. பிள்ளைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தம் பெரும்பணி அனைத்தையும் அவர் இந்திய மண்ணில் இருந்தே செய்தார்; அதன் சிறந்த பகுதியைச் சிதம்பரத்தில் செய்தார். நூலகமும் அஞ்சல் நிலையமும் ஓர் இதழும் இருந்தால், சிற்றூரில் இருந்தும் உலகின் முதல் வரிசையில் நிற்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. தாயற்ற குழந்தையைத் தாங்கிய மூதாட்டியும், தந்தையற்ற மாணவனுக்குக் கைகொடுத்த சாஸ்திரியாரும், இளைஞனின் கட்டுரைகளை ஏற்று அச்சிட்ட சிற்றிதழும் இல்லையேல் அந்த 73ஐ வேறொருவர் கண்டிருப்பார். வேறோர் ஊர் பெருமை கொண்டிருக்கும்.

தில்லைக்கு வருவோர் பொன்னம்பலத்தைக் கண்டு வணங்குவர். அண்ணாமலை நகரில் தமிழும் இசையும் வளர்ந்த கூடங்களைக் கண்டு மகிழ்வர். இனி வருவோர், எண்களும் அங்கே கூத்தாடின என்பதை நினைவிற் கொள்வார்களாக. சிவசங்கரநாராயண பிள்ளை எழுப்பிய வினா இன்னும் விடையின்றி நிற்கிறது. அதற்கு விடை காணும் நாளில், அது எந்த நாட்டில் நிகழ்ந்தாலும், அவர் பெயர் மீண்டும் ஒருமுறை ஒலிக்கும்.